இரு நகரங்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிடுதல்: திருவொற்றியூரும் கோயம்புத்தூரும்

வாழ்க்கைச் செலவு என்பது ஒரு குடும்பம் தான் பழகிய வாழ்க்கையை ஓர் ஊரில் நடத்துவதற்கு மாதந்தோறும் தேவைப்படும் பணம் ஆகும். வாழ்க்கைத் தரம் என்பது குடிநீர், காற்று, மருத்துவமனை, பள்ளி, போக்குவரத்து, பாதுகாப்பு, உற்றார் துணை முதலியவை அந்த ஊரில் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைக் குறிக்கும். முதலாவதை ரூபாயில் சொல்லிவிடலாம். இரண்டாவதில் ஒரு பகுதியை மட்டுமே ரூபாயில் சொல்ல முடியும். இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்க முயலும்போதுதான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு 2024 தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. அதே சம்பளம். விருப்பமா இல்லையா என்று எழுதித் தரப் பத்து நாள் கெடு. திருவொற்றியூரில் போக்கியத்துக்கு எடுத்த வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள், வீசிங் தொல்லை உள்ள தாயார். "சார், நீங்கதான் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தீங்க. போனா மிச்சமாகுமா, கையைக் கடிக்குமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு தாளோடு வந்து நின்றார். கணக்கு ஆசிரியராக முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தும் அந்தத் தாளை முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அப்போது படித்தவையும் போட்டுப் பார்த்தவையும் இங்கே மாணவர்களுக்காகத் தொகுக்கப்பட்டுள்ளன.

விலைக் குறியீட்டெண்

இந்தியாவில் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கைச் செலவு மாறுவதைக் காட்டும் முதன்மையான அளவுகோல், தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஆகும். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் இதை மாதந்தோறும் வெளியிடுகிறது. இப்போதுள்ள தொடருக்கு அடிப்படை ஆண்டு 2016. அந்த ஆண்டின் விலைமட்டம் 100 என்று கொள்ளப்படுகிறது. நாடெங்கும் 88 தொழில் மையங்களில் விலைகள் சேகரிக்கப்படுகின்றன. சென்னையும் கோயம்புத்தூரும் இரண்டுமே அந்த மையங்களில் உள்ளன. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி, இந்த மையங்களைச் சேர்த்துப் போடும் அனைத்திந்திய எண்ணின் 12 மாதச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது.

இங்கே மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரு மாதம் சென்னையின் எண் 140, கோயம்புத்தூரின் எண் 145 என்று வைத்துக்கொள்வோம். உடனே கோயம்புத்தூரில் விலை அதிகம் என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. ஒவ்வொரு மையத்துக்கும் அதனதன் 2016 விலைதான் 100. எனவே 140 என்பது சென்னையில் 2016-இலிருந்து விலை 40 விழுக்காடு ஏறியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும்; 145 கோயம்புத்தூரில் ஏறிய வேகத்தைச் சொல்லும். இரண்டு பிள்ளைகளின் உயரம் எவ்வளவு வளர்ந்தது என்று மட்டும் தெரிந்தால், இருவரில் யார் உயரம் என்று சொல்ல முடியாதல்லவா? அதைப் போன்றதே இதுவும். காலத்தை ஒப்பிடச் செய்த கருவியை ஊர்களை ஒப்பிடப் பயன்படுத்தக் கூடாது. என் மாணவரும் தம் தாளில் முதல் வரியாக இந்த இரண்டு எண்களைத்தான் எழுதி வந்திருந்தார். அதை அடித்துவிட்டுத் தொடங்கினோம்.

ஆனாலும் இந்தக் குறியீட்டெண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அது, ஒரு தொழிலாளர் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்னும் எடைகள். 2001 தொடரில் உணவின் எடை 46.20 விழுக்காடு. 2016 தொடரில் அது 39.17 ஆகக் குறைந்தது. வீட்டின் எடை 15.27-இலிருந்து 16.87 ஆயிற்று. மருத்துவம், கல்வி, போக்குவரத்து முதலியவை அடங்கும் 'பல்வகை'ப் பிரிவு 23.26-இலிருந்து 30.31-க்கு ஏறியது. வருமானம் கூடக்கூட அதில் உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இல் கண்டு சொன்னது இங்கும் பொருந்துகிறது. இரு ஊர்களின் அரிசி, பருப்பு விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவுக்கு வருவது இன்றைக்குப் போதாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

சென்னைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையேதான் பிறந்தது. 1930-களின் நடுவில் சென்னைத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவு ஆராயப்பட்டு, 1936-ஐ 100 எனக் கொண்ட சென்னை நகர வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் உருவாயிற்று. தமிழ்நாட்டின் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகளில் அகவிலைப்படிக்கு அந்த எண்ணையே நெடுங்காலம் பயன்படுத்தினர்.

கூலி எவ்வளவு இருந்தால் 'வாழ்க்கை' ஆகும் என்ற கேள்விக்கு 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவு வகுத்தது. ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள், ஓர் அலகுக்கு 2,700 கலோரி உணவு, நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் விளக்கு முதலியவற்றுக்கு 20 விழுக்காடு என்பது அதன் சுருக்கம். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் 1991-இல் வந்த தீர்ப்பு, பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா உள்ளிட்ட பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் 25 விழுக்காடு இருக்க வேண்டும் என்று சேர்த்தது. செலவுக் கணக்குக்குள் வாழ்க்கைத் தரம் கொஞ்சம் நுழைந்த இடம் என்று இதைச் சொல்லலாம்.

மீனும் காய்கறியும்

இரு ஊர்களின் விலைமட்டத்தை நேரடியாக ஒப்பிட வேண்டுமானால், ஒரு கூடைப் பொருள்களை எடுத்துக்கொண்டு அதே கூடையை இரண்டு ஊரிலும் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று பார்க்க வேண்டும். சிக்கல், யாருடைய கூடை என்பதில்தான் இருக்கிறது.

திருவொற்றியூர்க் குடும்பம் ஒன்றுக்கு மீன் இல்லாமல் வாரம் ஓடாது. காசிமேடு பக்கத்தில் இருக்கிறது; கவலை, சங்கரா, நெத்திலி எல்லாம் காலையில் வாசலுக்கே கூடையில் வரும். கோயம்புத்தூர் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்; மீன் ஐஸில் பயணம் செய்து வர வேண்டும். ஆனால் மேட்டுப்பாளையமும் நீலகிரியும் பக்கத்தில் இருப்பதால் காய்கறிக்குக் குறைவில்லை. புரிந்துகொள்வதற்காக மட்டும் ஒரு கணக்கு போடுவோம் (இவை சந்தை விலைகள் அல்ல). மீன் கிலோ திருவொற்றியூரில் ரூ.160, கோயம்புத்தூரில் ரூ.240. காய்கறி கிலோ சராசரியாகத் திருவொற்றியூரில் ரூ.50, கோயம்புத்தூரில் ரூ.40.

திருவொற்றியூர்க் குடும்பம் மாதம் 10 கிலோ மீனும் 20 கிலோ காய்கறியும் வாங்குகிறது. சொந்த ஊரில் அதன் செலவு ரூ.2,600. அதே கூடை கோயம்புத்தூரில் ரூ.3,200. ஆக, கோயம்புத்தூர் 23 விழுக்காடு விலை கூடிய ஊர். கோயம்புத்தூர்க் குடும்பமோ மாதம் 2 கிலோ மீனும் 40 கிலோ காய்கறியும் வாங்குகிறது. சொந்த ஊரில் ரூ.2,080, திருவொற்றியூரில் ரூ.2,320. ஆக, திருவொற்றியூர் ஏறத்தாழ 11.5 விழுக்காடு விலை கூடிய ஊர். இரண்டு குடும்பமும் 'எதிர் ஊர்தான் விலை' என்கின்றன. இரண்டும் கணக்கில் சரி.

புறப்படும் ஊரின் கூடையை வைத்துக் கணக்கிடும் முறை லாஸ்பேயர் முறை எனவும், போய்ச் சேரும் ஊரின் கூடையை வைத்துக் கணக்கிடும் முறை பாஷே முறை எனவும் கூறப்படும். இரண்டும் 1870-களில் ஜெர்மனியில் எழுந்தவை. இரண்டு விடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பிஷர் குறியீட்டெண் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 3,200/2,600 = 1.231; 2,080/2,320 = 0.897, பெருக்குத்தொகையின் வர்க்கமூலம் 1.05. அதாவது, நடுநிலையில் பார்த்தால் கோயம்புத்தூர் 5 விழுக்காடு விலை கூடுதல். புள்ளியியலுக்கு இது நல்ல விடை. இடம் மாறும் குடும்பத்துக்கு அவ்வளவு உதவாது. அதற்கு முதல் ஆண்டு 23 விழுக்காடு வலிக்கும். மீனைக் குறைத்துக் காய்கறிக்குப் பழகப் பழக வலி குறையும். நாக்கு எவ்வளவு விரைவில் ஊர் மாறும் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

பருவத்தையும் மறக்கக் கூடாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வடசென்னையில் மீன் விலை ஏறும். அதே நாள்களில் படகுத் தொழிலாளர் வீட்டில் வருமானம் நிற்கும். ஆண்டுச் சராசரி இந்த இரண்டு மாதத்தை மழுப்பிவிடுகிறது.

வாடகையும் போக்கியமும்

மத்திய அரசு வாடகையை ஒப்பிடும் விதம் எளிமையானது. நகரங்களை எக்ஸ், ஒய், இசட் என மூன்றாகப் பிரித்து வீட்டு வாடகைப்படி தருகிறது. சென்னை எக்ஸ், கோயம்புத்தூர் ஒய். அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து இப்படியின் வீதங்கள் அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 விழுக்காடு. அடிப்படைச் சம்பளம் ரூ.30,000 என்றால் சென்னையில் ரூ.9,000, கோயம்புத்தூரில் ரூ.6,000. கோயம்புத்தூர் வாடகை சென்னையில் மூன்றில் இரண்டு பங்கு என்று அரசு வைத்துக்கொள்கிறது என்று பொருள்.

எந்தச் சென்னை? அடையாற்றில் குடியிருப்பவருக்கும் திருவொற்றியூரில் குடியிருப்பவருக்கும் ஒரே 'எக்ஸ்'. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகள். அந்த ஆண்டு 42 உள்ளாட்சி அமைப்புகளோடு மாநகராட்சி விரிவடைந்தபோதுதான் அவை சென்னை ஆயின. வாடகையில் திருவொற்றியூர், தென்சென்னையை விடக் கோயம்புத்தூருக்கே நெருக்கம் என்பது என் கணிப்பு. கோயம்புத்தூரில் பீளமேடு, ஆர்.எஸ்.புரம் போன்ற இடங்களில் வீடு தேடியவர்கள் திருவொற்றியூர் வாடகையைவிடக் கூடுதலாகவே கேட்கப்பட்டதாக என்னிடம் சொன்னதுண்டு. 'சென்னையை விட்டுப் போனால் வாடகை மிச்சம்' என்ற பொதுப்பேச்சு வடசென்னைக்காரருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

வடசென்னைக்கு உரிய இன்னொரு சங்கதி போக்கியம். வீட்டுக்காரரிடம் சில லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பேசிய ஆண்டுகளுக்கு வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தப் பணத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு அது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தெருக்களில் 'வீடு போக்கியத்துக்கு' என்ற அட்டை சாதாரணம். இப்படி இருப்பவரிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டால் 'இல்லை' என்பார். ஆனால் செலவு இருக்கிறது. ரூ.5 லட்சம் போக்கியத்தில் முடங்கியிருந்தால், 7 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு ரூ.35,000, மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.2,917 வருமானத்தை அவர் விட்டுக்கொடுக்கிறார். அதுவே அவருடைய மறைமுக வாடகை. அவ்வளவு குறைந்த வாடகைக்குக் கோயம்புத்தூரில் இரண்டு அறை வீடு கிடைக்காது. என் மாணவரின் தாளில் மிகப் பெரிய வித்தியாசம் வந்த இடம் இதுதான். அவர் அங்கே பூஜ்யம் என்று எழுதியிருந்தார்.

இடர்ப்பாடும் உண்டு. சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன்படி, குடியிருப்பு உரிமையோடு கூடிய இத்தகைய அடமானம் ரூ.100-க்கு மேற்பட்டால் பதிவு செய்யப்பட வேண்டும். நடைமுறையில் பலரும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் கடனில் விழுந்தாலோ வீட்டை விற்றாலோ பணத்தை மீட்க அலைய வேண்டும். மலிவான வீட்டின் விலையில் இந்த அச்சமும் அடங்கியிருக்கிறது. வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது: தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழைய வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை.

இரு ஊருக்கும் பொதுவானவை

ரேஷனில் விலையில்லா அரிசி, இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லா மின்சாரம், 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் ஆகியவை மாநிலம் முழுமைக்கும் உள்ளவை. எனவே தமிழ்நாட்டுக்குள் இரு ஊர்களை ஒப்பிடும்போது இவை இருபுறமும் கழிந்துவிடும். பெங்களூருவோடு ஒப்பிட்டால் கழியாது. அப்போது தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காற்று, நீர், பயணம்

எண்ணூர், மணலி வட்டாரத்தில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலைகள், அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள் ஆகியன சில கிலோமீட்டர் சுற்றளவில் நெருங்கி நிற்கின்றன. வேலை தருபவையும் அவையே, காற்றைக் கெடுப்பவையும் அவையே. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் 88 தொழிற்பகுதிகளுக்குச் சுற்றுச்சூழல் மாசுக் குறியீட்டெண் கணக்கிட்டது. 70-க்கு மேல் பெற்றவை மிக மோசமாக மாசடைந்தவை. மணலி 76.32 பெற்றது. கோயம்புத்தூரும் தப்பவில்லை, அது 72.38. 'கோவையில் காற்று சுத்தம்' என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்த எண்ணையும் பார்க்க வேண்டும். வார்ப்பாலைகள் உள்ள பகுதியும் மலையடிவாரமும் ஒன்றல்ல. எந்த வார்டில் குடியேறுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர் படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் கடலோரத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எந்த விலைக் குறியீட்டெண்ணிலும் அந்த இரவுக்கு எடை கிடையாது. இன்ஹேலருக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்த பணம் மட்டும் 'பல்வகை'யில் போய்ச் சேரும்.

குடிநீரில் கோயம்புத்தூருக்குச் சிறுவாணியும் பில்லூரும் உண்டு. சிறுவாணித் தண்ணீரின் சுவை ஊர்ப்பெருமை. சென்னையில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஆனால் வடசென்னைக்கு ஒரு அனுகூலம்: காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீர் ஆலை இப்பகுதிக்கு நீர் தருகிறது.

போக்குவரத்தில் திருவொற்றியூர் அண்மையில் முன்னேறியிருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. மெட்ரோ ரயிலோ 2015-இல் சென்னையில் ஓடத் தொடங்கி விம்கோ நகரை எட்ட 2021 பிப்ரவரி ஆயிற்று. கும்மிடிப்பூண்டி தடத்தின் புறநகர் ரயிலும் உண்டு. சாலையில் போவோருக்கு மட்டும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை இன்னும் விட்டபாடில்லை.

மருத்துவத்தில் ராயபுரம் அருகே ஸ்டான்லி அரசு மருத்துவமனை வடசென்னையின் முதுகெலும்பு. கோயம்புத்தூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கின்றன. இரு ஊரும் இதில் ஏறக்குறைய சமம் என்றாலும், பத்து ஆண்டாக ஒரே இடத்தில் காட்டும் நோயாளிக்குப் பழகிய மருத்துவரும் சீட்டும் வேறு ஊரில் கிடைப்பதில்லை.

தரவரிசைப் பட்டியல்கள்

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் 'எளிதான வாழ்க்கை' குறியீட்டில் (2020) பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுள் சென்னை 62.61 புள்ளியோடு நான்காம் இடமும், கோயம்புத்தூர் 59.72 புள்ளியோடு ஏழாம் இடமும் பெற்றன. வாழ்க்கைத் தரத்துக்கு 35, பொருளாதாரத் திறனுக்கு 15, நீடித்த தன்மைக்கு 20, மக்களின் கருத்துக்கு 30 விழுக்காடு எடை. மூன்று புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தை வைத்து ஊரை மாற்றுபவர் யாரும் இரார். ஒரு மாநகராட்சி முழுவதற்கும் ஒரே எண் என்பதால், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரும் பெசன்ட் நகரில் இருப்பவரும் அதே 62.61-க்குள் வாழ்கிறார்கள்.

உலக அளவில் எக்கனாமிஸ்ட் இன்டலிஜன்ஸ் யூனிட், மெர்சர் போன்றவை நியூயார்க்கை அடிப்படையாக வைத்துப் பட்டியலிடுகின்றன. முன்னதன் 2018-ஆம் ஆண்டுப் பட்டியலில் உலகின் மிக மலிவான பத்து நகரங்களில் சென்னையும் ஒன்று. வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் அதிகாரிகளுக்கு நிறுவனங்கள் படி நிர்ணயிக்க உதவும் பட்டியல்கள் இவை. டாலரில் சம்பளம் வாங்குபவருக்குச் சென்னை மலிவுதான். காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருவில் மீன் விற்கும் அம்மாவுக்கு இந்தப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை.

மாற்றல் கணக்கு

கடைசியில் அந்தத் தாளில் வந்தது இது. கோயம்புத்தூரில் வாடகை புதிதாகச் சேரும். போக்கியப் பணத்தைத் திரும்ப வாங்கி வங்கியில் போட்டால் அதன் வட்டி வாடகையில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். மீன் செலவு ஏறும், காய்கறி குறையும், மின்சாரம் கொஞ்சம் குறையும். பள்ளிக் கட்டணம் ஏறக்குறைய அதேதான். மொத்தத்தில் குடும்பத்தோடு போனால் மாதம் ஆறாயிரம் ரூபாய்போல் கையைக் கடிக்கும். "காத்துக்கு ஆறாயிரம் கொடுக்கலாம் சார்" என்றார் அவர், தாயாரின் மூச்சை நினைத்து. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

தாயார் வர மறுத்துவிட்டார். அவருடைய தங்கை இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்; ஸ்டான்லியில் பழகிய மருத்துவர் இருக்கிறார்; வடிவுடையம்மன் கோயில் நடக்கும் தூரம். மகன் மட்டும் போய் ஓர் அறை எடுத்துத் தங்கினார். மனைவியும் பிள்ளைகளும் தாயாரோடு திருவொற்றியூரிலேயே இருந்தார்கள். அறை வாடகை, ஓட்டல் சாப்பாடு, மாதம் இரு முறை ரயில், வராத மாதத்தில் போன் என்று இரண்டு அடுப்பு எரிந்ததில் செலவு ஆறாயிரத்தைத் தாண்டியது. நான் போட்ட கணக்கில் இரண்டு அடுப்பு என்ற வரியே இல்லை. இப்போது யாராவது இப்படித் தாளோடு வந்தால், யார் யார் போகிறீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மீன் விலைக்கு வருகிறேன்.